ஒரு புடி தவுடும் விருத்தாம்பா அக்காவும்

சிதம்பரம் கீழ கோபுர வாசல்ல செருப்பு பாத்துக்கிற விருத்தாம்பா அக்கா இருக்காங்களே, அவுங்கதான் என் பேரனுக்கு அம்மா. என் பொண்ணு ரேகா அவனப் பெத்தவ, அவ்ளோதான். நம்பலன்னா அந்த வாசல்ல போயி கேட்டுப் பாருங்க. நாங்களே எங்க கையால அவுங்களுக்கு வித்தோம். வித்தத திரும்ப வாங்குறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு.

நான் சின்னையன். கடலூர் சோனாங்குப்பம். நான் கடலுக்குப் போறேன், என் சம்சாரம் செல்லாயி மீன் விக்கிறா. ரேகா ஒரே பொண்ணு. மருமவன் செம்பியன் செம்மங்குப்பத்துல ஒரு கம்பெனியில ஷிப்ட்டு வேல பாக்குறாரு. ரெண்டாயிரத்தி ஒம்போது தை மாசம் பேரன் பொறந்தான். சும்மா சொல்லக் கூடாது, வஞ்சிரம் மாதிரி பளபளன்னு இருப்பான். அழுதான்னா துறைமுகத்துல சங்கு ஊதுனாப்புல இருக்கும். நாலு தெரு தள்ளி இருக்கிறவங்க வந்து, "என்னா சின்னையா, உன் பேரனுக்கு பசியா?"ன்னு கேப்பாங்க. எனக்கு அதுல ஒரே பெரும.

ஆனா ஒரு சங்கதி. இவனுக்கு முன்னால ரேகாவுக்கு ரெண்டு தங்கல. ஒண்ணு வயித்துலயே போச்சு. ஒண்ணு பொறந்து ஒரு வாரத்துல போச்சு. அதனால இவன் பொறந்ததுலேர்ந்து அவ மடிய விட்டு எறக்கவே இல்ல. சாப்புடும்போதும் மடி, தூங்கும்போதும் மடி. தூக்கம்னா என்னா தூக்கம்? செவுத்துல சாஞ்சிகிட்டு, அவன் மூக்குக்குக் கீழ வெரல வெச்சி மூச்சு வருதா மூச்சு வருதான்னு பாத்துகிட்டே இருப்பா. அவன் நல்லா கொறட்ட விட்டு தூங்குவான். இவ கண்ணுக்குக் கீழதான் கருப்பு தட்டிப்போச்சு.

யாருகிட்டயும் தர மாட்டா. நான் அவன் தாத்தன். மூணு மாசத்துல அவன் கால் கட்ட வெரலத் தவுர வேற எதையும் தொட்டதில்ல. கைய நீட்டுனா, "எப்பா, கை கழுவுனியா?"ம்பா. சோப்பு போட்டு கழுவிட்டு வந்தா, "இன்னும் கவுச்சி அடிக்குது"ம்பா. செல்லாயி பவுடர் டப்பாவ என் கையில கொட்டி அனுப்புனா, "பவுடரு அவனுக்கு தும்மல் வரும், அப்பறம் தரேன்"ம்பா. அந்த அப்பறம் வரவே இல்ல.

ஒரு நாள் செல்லாயி மீன் கூடைய எறக்கி வெச்ச கையோட சொன்னா, "இந்தாய்யா, புள்ளய வித்துடலாம்."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. "உனக்கு கிறுக்கு புடிச்சிப்போச்சா?"

"இரு, சொல்றதக் கேளு. நம்ம ராசிக்குப் புள்ள தங்கல. புள்ள நெறைய தங்குன மவராசி ஒருத்திகிட்ட இவனக் குடுத்து அவ புள்ளையா ஆக்கிடணும். அப்பறம் தவுடு குடுத்து நாம திரும்ப வாங்கிக்கணும். எமன் கணக்கு பாத்துகிட்டு வந்தான்னா, 'இது ரேகா புள்ள இல்லியே'ன்னு வெலாசம் தெரியாம திரும்பிப் போயிடுவான். சிதம்பரத்துல ஒரு அம்மா இருக்காங்களாம். அவுங்ககிட்ட வித்த புள்ள ஒண்ணு கூட தவறுனதில்லியாம்."

ரேகாகிட்ட சொன்னோம். மாட்டேன்னுதான் சொல்லுவான்னு பாத்தா, ரொம்ப நேரம் அவனையே பாத்துட்டு, "இத செஞ்சா பயம் போயிடுமாம்மா?"ன்னா. அவ பயந்துதான் கெடக்கான்னு அன்னிக்கித்தான் அவ வாயாலயே கேட்டேன்.

"தவுடு கொண்டாற வேண்டியது உன் பொறுப்பு"ன்னு செல்லாயி எங்கிட்ட சொல்லிட்டா. எங்க குப்பத்துல ஏது நெல்லு, ஏது மாடு? நெல்லுல அரிசி போக மிச்சம் இருக்கிறதுதான் தவுடுன்னு நான் நெனச்சிகிட்டு இருந்தேன். தெரிஞ்ச பையன் ஒருத்தன் கோழிப்பண்ணையில வேல பாக்குறான். அங்க குஞ்சுங்களுக்குக் கீழ பரப்புறதுக்கு குமிச்சி வெச்சிருந்தாங்க. அதுல கேட்டு வாங்கிட்டேன். எவ்ளோ வாங்குறது? என் பேரன் வெல என்ன, கொறச்சலாவா குடுக்க முடியும்? ஒரு மூட்ட ரொப்பிட்டேன்.

சிதம்பரம் பஸ்சுல அந்த மூட்டையோட நான் ஏறுனதும் கண்டக்டர் கேட்டாரு, "பெருசு, இது என்னா?"

"பேரன வாங்குறதுக்கு."

அந்த ஆளு அதுக்கு மேல எதுவும் கேக்கல. மூட்டையில ஒரு ஓட்ட இருந்தது எனக்குத் தெரியாது. பொறையாத்துல பொண்ணு பாக்கப் போற ஒருத்தரு வெள்ள சட்ட போட்டு முன்னால உக்காந்திருந்தாரு. முட்லூர் தாண்டறப்போ அது காத்துல பறந்து அவரு முதுகு பூரா செதில் செதிலா ஒட்டிகிட்டு இருந்துது. நான் சொல்லல. சொன்னா எறக்கி உட்டுடுவாங்க.

கீழ கோபுர வாசல்ல எறங்குனா அண்ணாந்து பாக்கவே கழுத்து வலிக்குது, அவ்ளோ ஒசரம். அதுக்குக் கீழ, பலகைக்குப் பின்னால விருத்தாம்பா அக்கா உக்காந்திருந்தாங்க. நல்ல ஆகிருதி. வாய் நெறைய வெத்தல. கண்ணாடிய கயிறு போட்டு கழுத்துல மாட்டியிருந்தாங்க. கையில ஒரு குச்சி. அந்தக் குச்சியாலயே செருப்ப தள்றாங்க, இழுக்குறாங்க, ஜோடி சேக்குறாங்க. டோக்கன் கீக்கன் எதுவும் கெடையாது.

"டோக்கன் இல்லாம எப்பிடி கண்டுபுடிப்பீங்க?"ன்னு ஒருத்தரு கேட்டாரு.

"உன் மூஞ்சிக்கு ஏத்த செருப்பதான் நீ போட்டிருப்ப. போ, உள்ள போயி சாமி பாரு."

செல்லாயி விஷயத்த சொன்னா. அக்கா கண்ணாடிய தூக்கி மாட்டிகிட்டு ரேகாவப் பாத்தாங்க.

"எத்தன போச்சு?"

"ரெண்டு"ன்னா ரேகா.

"ம். குடு இப்பிடி."

ரேகா குடுக்கல. கை வரல. நெஞ்சோட அணச்சிகிட்டு நிக்குறா. பின்னால செருப்பு விட வந்தவங்க நாலு பேரு காத்துகிட்டு நிக்குறாங்க. அக்கா அவசரப்படுத்தல. கைய தண்ணி ஊத்தி கழுவிட்டு, பைக்குள்ளேர்ந்து ஒரு தொவச்ச பொடவைய எடுத்து மடியில விரிச்சாங்க.

"இங்க பாரும்மா. எனக்கு பதினோரு புள்ள. ஒண்ணு கூட தவறல. அதுல நாலு தறுதல. ஆனா பாரு, உசுரோட இருக்கிற தறுதல!"

ரேகாவுக்கு சட்டுன்னு சிரிப்பு வந்துட்டுது. மூணு மாசமா சிரிக்காதவ. அந்த சிரிப்புல அவ கை தளந்துது, அக்கா கை நீண்டுது, புள்ள மாறிட்டுது.

அவன் காதுல என்னமோ சொன்னாங்க. கோபுர வாசல்படிய தாண்டி உள்ள எடுத்துட்டுப் போயி, திரும்ப வெளிய கொண்டாந்து மடியில போட்டுகிட்டாங்க. "ஆச்சு. இப்ப இவன் எம்புள்ள. தவுட்ட குடுத்துட்டு வாங்கிக்க."

நான் மூட்டைய கொண்டாந்து தொப்புன்னு வெச்சி, அவுத்து, நெஞ்ச நிமித்திகிட்டு நின்னேன்.

அக்கா மூட்டையப் பாத்தாங்க. என்னயப் பாத்தாங்க. "யான வாங்க வந்தியா?"

"பேரன்தான்க்கா."

"ஒரு புடி தவுட்டுக்கு இவ்ளோ மூட்டையா?" குனிஞ்சி ஒரு கை அள்ளுனாங்க. மொகம் மாறிட்டுது. "யோவ் மீன்காரரே. இது உமி."

"நெல்லுலேர்ந்துதானக்கா வருது?"

"மீனுலேர்ந்துதான் செதிலும் வருது. செதில கொழம்பு வெச்சி திம்பியா?"

செருப்பு விட வந்தவங்க எல்லாம் சிரிக்குறாங்க. அக்கா உமிக்குள்ளேர்ந்து ஒரு எறக எடுத்து ஆட்டுனாங்க. "எறகு வேற! புள்ள வாங்க வந்தியா, கோழி வாங்க வந்தியா?"

செல்லாயி தலையில அடிச்சிகிட்டா. "உமிக்கும் தவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு வாக்கப்பட்டேனே!"

"நீதான் பஸ்சுல மூட்ட மேலயே உக்காந்துட்டு வந்த! உனக்குத் தெரிஞ்சிதா?"ன்னேன். அவளுக்கும் தெரியாது. அவ ஊரும் கடக்கரதான்.

ரேகா மொகம் வெளுத்துப்போச்சு. "பரவால்லம்மா, குடுத்துடுங்க"ன்னு கைய நீட்டுனா.

"தர மாட்டேன். உமிக்குத் திரும்பக் குடுத்தேன்னு வெய்யி, 'உமி ஊதுனா பறந்துடுமே, எம்புள்ளயும் பறந்துடுவானோ'ன்னு நீ விடிய விடிய முழிச்சிருப்ப. செய்யறத ஒழுங்கா செய்யணும். உச்சிகால மணி அடிக்கிறதுக்குள்ள தவுடு வரணும். அதுக்கப்பறம் கோயில் நட சாத்திடுவாங்க, நான் வாங்குறதும் கெடையாது, விக்கிறதும் கெடையாது. இன்னொரு நாளு பாத்துக்க வேண்டியதுதான்."

"அது வரைக்கும் புள்ள?"

"எங்கூட இருப்பான். தாயிகூட புள்ள இருக்கிறதுல என்ன?"

ரேகாவுக்குக் கண்ணு கலங்கிட்டுது. அக்கா நகந்து பக்கத்துல எடம் விட்டாங்க. "உக்காரு. பசிச்சா பால் குடு. நான் தாயி, நீ பால்காரி. எங்கயும் ஓடிட மாட்டேன், இத்தன செருப்ப விட்டுட்டு."

அப்பறம் ரோட்டப் பாத்து, "டேய் சாமிக்கண்ணு!"ன்னு ஒரு சத்தம். எதுர்ல ஆட்டோ ஸ்டாண்டுலேர்ந்து மீச வெச்ச ஆளு, நாப்பது வயசுக்கு மேல இருக்கும், பீடிய கீழ போட்டு மிதிச்சிட்டு ஓடியாந்தாரு.

"என்னாம்மா?"

"பீடி குடிச்சியா?"

"இல்லம்மா."

"பொய் வேற. இவர கூட்டிட்டுப் போயி தவுடு எங்க கெடைக்குமோ வாங்கிக் குடு. அரிசி தவுடு. நீயும் உமிய காட்டி ஏமாத்திடாத."

ஆட்டோவுல ஏறுனதும் சாமிக்கண்ணு சொன்னாரு, "பயப்படாதீங்க மாமா, நானும் தவுட்டுப் புள்ளதான். மொதப் புள்ளையே நான்தான்."

அவரு சொல்லித்தான் அக்கா கத எனக்குத் தெரிஞ்சிது. பொறந்த ஊரு காட்டுமன்னார்கோயில் பக்கம். நெல்லு மிஷினுக்கு எதுர்ல வீடு, தவுட்டுலயே வெளயாண்டு வளந்தவங்க. புருஷன் மாட்டு வண்டி ஓட்டுனாரு, புள்ளைங்க பெருசாகுறதுக்குள்ள போயிட்டாரு. அப்பத்தான் இந்த வாசல்ல வந்து உக்காந்தாங்க. சாமிக்கண்ணோட அம்மா தேங்கா கட வெச்சிருந்தவங்க. மூணு புள்ள பறிகுடுத்துட்டு, நாலாவதா இவரு பொறந்ததும் தொடவே பயந்துகிட்டு வாசல்ல நின்னு அழுதாங்களாம். அக்காதான், "எங்கிட்ட குடு, என் கூட்டத்தோட கூட்டமா கெடக்கட்டும்"னு வாங்கி வெச்சிகிட்டு, சாயந்தரமா ஒரு புடி தவுட்ட வாங்கிட்டு திரும்பக் குடுத்தாங்களாம். அது பரவி, எங்கெங்கேர்ந்தோ வர ஆரம்பிச்சிட்டாங்க.

"காசு எதுவும் வாங்காது மாமா. ஆனா உரிமைய விடாது. என் கல்யாணத்துல எங்கம்மாவ தள்ளி உட்டுட்டு முன்னால வந்து நின்னுது. கடலூர்ல ஒரு போலீஸ்காரரு இருக்காரு, அவரும் இதுகிட்ட வித்ததுதான். இங்க வந்தாருன்னா, யூனிபாரத்தோட நிக்க வெச்சி 'தொப்ப போட்டுட்ட'ன்னு குச்சியால குத்துது."

மெட்ராசுல இருக்கிற மூத்த மவன் ஒரு தடவ கூட்டிட்டுப் போனாராம். அங்க மாடி வீடு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் செருப்பு கண்டபடி கெடக்குறத அக்காவால பாக்க முடியல. ஒரு நாளு காலையில அந்த மாடியில இருக்கிற அத்தன செருப்பையும் அள்ளியாந்து மாடிப்படிக்கிட்ட வரிசையா ஜோடி போட்டு வெச்சி, பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஆபீஸ் போற நேரம், எல்லாரும் செருப்பக் காணோம்னு ஒரே ரகள. அன்னிக்கி சாயந்தரமே பஸ் ஏறிட்டாங்க. "செருப்ப நம்பி விட்டுட்டுப் போறதுக்கு ஒரு மனுஷன் இல்லாத ஊருடா அது"ன்னாங்களாம்.

மொத தீவனக் கட பூட்டியிருந்துது. பக்கத்துக் கடையில கேட்டா, "ஓனரு குடும்பத்தோட கோயிலுக்குப் போயிருக்காரு"ன்னாங்க. எந்தக் கோயிலுக்கு? கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு! நான் கடலூர்லேர்ந்து இங்க வந்து நிக்குறேன், அவரு இங்கேர்ந்து அங்க போயிட்டாரு. ரெண்டாவது கடையில கோதும தவுடுதான் இருந்துது.

"இத வாங்கிடலாமா?"ன்னேன்.

"வேணாம் மாமா. புள்ள பொழுதன்னிக்கும் சப்பாத்தி கேப்பான்."

வடக்கு வீதிய ஒட்டி ஒரு சந்துல புஷ்பவள்ளின்னு ஒரு அம்மா மாட்டுக்கு தொட்டியில தவுடு கரைக்கப் போறாங்க. நான் ஆட்டோ நிக்குறதுக்குள்ள குதிச்சிட்டேன்.

"அம்மா, தவுடு வேணும்!"

"மாடு எங்க?"

"மாடு இல்லம்மா. பேரன்."

அவுங்க என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. "பேரனுக்கு தவுடா? நல்லா வளக்குறீங்கய்யா புள்ளய!"

சாமிக்கண்ணு குறுக்க வந்து விஷயத்த சொன்னாரு. அப்பறம் அந்தம்மா மொகமே மாறிட்டுது. "விருத்தாம்பாகிட்டயா? எங்க சின்னவனையும் அவகிட்டதான் வித்தோம். துபாய்ல இருக்கான். எனக்கு போன் பண்றானோ இல்லியோ, வெள்ளிக்கெழமன்னா அவளுக்குப் பண்ணிடுறான். பெத்தவ நானு, தவுடு குடுத்தவ நானு, போனு அவளுக்கு!" சொல்லிகிட்டே தாராளமா ரெண்டு மொறம் அள்ளிட்டாங்க.

எதுல வாங்குறது? தோள் துண்ட பேரனுக்கு விரிக்க குடுத்துட்டு வந்துட்டேன். சட்டைய கழட்டி அதுல வாங்கி மூட்டையா கட்டிகிட்டேன். அந்த மாடு என்ன ஒரு பார்வ பாத்துது பாருங்க. ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

வடக்கு வீதியில திரும்புனா ஊர்வலம். காலேஜ் பசங்க கொடி புடிச்சிகிட்டு போறாங்க, வண்டி அசையல. வெய்யிலு உச்சிக்கு வந்துகிட்டு இருக்குது. "மாமா, வடக்கு கோபுரத்துல உள்ள பூந்து கெழக்கால வெளிய வந்துடுங்க, கோயிலுக்குள்ளயே குறுக்கு வழி"ன்னாரு சாமிக்கண்ணு. ஓடுனேன்.

உள்ள போனா கொளம். கொளத்துப் படியில எங்கயோ தூரத்து ஊருலேர்ந்து பஸ்சுல வந்த கூட்டம் உக்காந்திருந்துது. நானோ மேல சட்டையில்லாம, வேட்டியோட, ரெண்டு கையாலயும் ஒரு துணி மூட்டைய பயபக்தியா புடிச்சிகிட்டு வேகமா வரேன். ஒரு வயசான அம்மா எந்திரிச்சி முன்னால வந்து, வலது கைய எடது கை மேல வெச்சி நீட்டுனாங்க.

"சாமி, பிரசாதமா?"

இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கோயிலுக்குள்ள ஒரு மனுஷி கை நீட்டி நிக்கும்போது எப்பிடி இல்லம்பீங்க? ஒரு சிட்டிக வெச்சேன். கண்ணுல ஒத்திகிட்டு வாயில போட்டுகிட்டாங்க. அவ்ளோதான். படியில இருந்த அத்தன பேரும் எந்திரிச்சி வரிசையில நின்னுட்டாங்க. "தள்ளாத, எல்லாருக்கும் கெடைக்கும்"னு ஒருத்தரு வரிசைய வேற சரி பண்றாரு. எனக்கு அழுக வருது. சிட்டிக சிட்டிகையா வெச்சிகிட்டே பின்னால நகருறேன், அவுங்களும் நகருறாங்க.

"சத்து மாவு போல இருக்கு"ன்னாரு ஒருத்தரு.

"சக்கர கம்மி"ன்னு ஒரு பொம்பள.

"அது உங்க ஒடம்புக்கு நல்லதும்மா"ன்னு சொல்லிட்டு ஒரே ஓட்டம். ஆயிரங்கால் மண்டபத்துகிட்ட வந்து திரும்பிப் பாத்தப்பதான் அந்தக் கூட்டம் நின்னுது. சட்ட மூட்டைய தொட்டுப் பாத்தேன். தட்டையா கெடக்குது.

கெழக்கு வாசல தாண்டவும் உள்ள மணி அடிக்க ஆரம்பிக்கவும் சரியா இருந்துது. ரேகா எந்திரிச்சி நிக்குறா. புள்ள அக்கா மடியில கண்ணாடிக் கயித்தப் புடிச்சி இழுத்துகிட்டு இருக்கான். எனக்கு மூச்சு வாங்குது, பேச முடியல. சட்டைய விரிச்சி வெச்சேன். மூலையில ஒதுங்கிக் கெடந்தத கூட்டி அள்ளுனா, ஒரு கை. அதுலயும் ஒரு பட்டன் இருந்துது.

அக்கா பட்டன பொறுக்கி எங்கிட்ட குடுத்தாங்க. தவுட்ட மோந்து பாத்தாங்க. நாக்கு நுனியில வெச்சாங்க. மணி அடிச்சிகிட்டே இருக்குது.

"புழுங்கல் தவுடு. நல்லாருக்கு."

மடிச்சி முந்தானையில முடிஞ்சிகிட்டாங்க. புள்ளைய தூக்குனாங்க. ரேகா ரெண்டு கையையும் நீட்டிட்டா.

"உனக்கில்ல. தவுடு குடுத்த கையிலதான் புள்ளயக் குடுக்கணும்"னு சொல்லிட்டு என் பக்கம் திரும்புனாங்க.

நான் ரேகாவப் பாத்தேன். நீட்டுன கை அப்பிடியே இருந்துது. அப்பறம் மெல்ல கீழ எறங்குச்சி. "எப்பா, தலையத் தாங்கி புடி"ன்னா.

புடிச்சேன். என்னா கனம்! இவ்ளோ கனமா இருப்பான்னு யாரு சொன்னா? வேர்வையும் தவுடுமா இருந்த என் நெஞ்சு மேல மொகத்த வெச்சி தேச்சான். தும்மல் கிம்மல் எதுவும் வரல.

"கூப்புடுற பேரு நான் வெச்சிட்டேன். தவுட்டுராசு"ன்னாங்க அக்கா. "பள்ளிக்கூடத்துல நீங்க என்னா பேரு வேணா குடுத்துக்குங்க." மருமவன் எழிலன்னு பேரு முடிவு பண்ணி வெச்சிருந்தாரு. இப்பவும் பேப்பர்ல எழிலன்தான். சோனாங்குப்பத்துல கேட்டீங்கன்னா எழிலன யாருக்கும் தெரியாது.

நட சாத்திட்டாங்க, இனிமே சாயந்தரம்தான். கொண்டாந்த புளிச்சோத்த செல்லாயி பிரிச்சி வெச்சிட்டு, "ரேகா, சாப்புட வா"ன்னா. பதிலு இல்ல. திரும்பிப் பாத்தா, செருப்புப் பலகைக்குப் பக்கத்துல செவுத்துல சாஞ்சபடி தூங்கிப்போயிருந்தா. வாய் தொறந்து, கையி ரெண்டும் காலியா மடியில கெடக்க, மூணு மாசத்து தூக்கம். செல்லாயி எழுப்பப் போனா. அக்கா குச்சிய நீட்டி மறிச்சிட்டாங்க. அவ தல சரியும்போது, பைக்குள்ளேர்ந்து ஒரு பொடவைய சுருட்டி அண்ட குடுத்தாங்க. ரோட்டுல ஆரன் அடிச்ச ஒரு வேன்காரன அவுங்க திட்டுன திட்டு, வேணாம், எழுத முடியாது.

நான் அந்த மத்தியானம் பூரா பேரன வெச்சிகிட்டு உக்காந்திருந்தேன். நடுவுல பால் குடிக்க மட்டும் அவகிட்ட போனான். அவ கண்ண முழிக்காமயே குடுத்துட்டு, முழிக்காமயே எங்கிட்ட திரும்பக் குடுத்தா. ரெண்டு தடவ எம்மேல மூத்தரம் பேஞ்சான். கையி மரத்துப் போச்சு. மாத்திக்கல.

சாயந்தரம் நட தொறந்ததும் ஒண்ணு ரெண்டு பேரா வர ஆரம்பிச்சாங்க. ரேகா முழிச்சி, கொண்டைய முடிஞ்சிகிட்டு, எங்கள ஒரு பார்வ பாத்தா. குடுத்துடணுமோன்னு நான் அவன இன்னும் கொஞ்சம் அணச்சிப் புடிச்சிகிட்டேன். அவ மூஞ்ச கழுவிட்டு வந்து, "நீயே வெச்சிரு எப்பா. நானும் அம்மாவும் சாமி பாத்துட்டு வந்துடுறோம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஒரு தடவ கூட திரும்பிப் பாக்கல.

அவுங்க திருநீறு பூசிகிட்டு வந்தப்போ, செல்லாயி எங்கிட்ட கைய நீட்டுனா. "குடுய்யா, நீயும் போயி பாத்துட்டு வந்துடு. இவ்ளோ தூரம் வந்து நடராசரப் பாக்காமலா போவ?"

"வேணாம். உள்ள கூட்டம் ஜாஸ்தியா இருக்குது"ன்னேன்.

கூட்டமே இல்ல.